நியாயமற்றது எது? – 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கலகத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

நியாயம் என்னும் சொல் நம் மொழியிற் பல பொருள்களைத் தாங்கி நிற்பது. தருக்க நூலார் அதனைத் தம் நூற்குப் பெயராக்கினர். வழக்காடும் இடத்தை நியாயத்தலம் என்றும், ஆங்கு வாதிப்போரை நியாயதுரந்தரர் என்றும் ஈழநாட்டார் வழங்கினர். ‘அவன் சொல்லும் நியாயம் யாது?’ என வினவுமிடத்து அச்சொல் காரணம் என்ற அளவில் நிற்கின்றது; ‘இது நியாயமா?’ என வினவுமிடத்து நீதி என்னும் பொருளைப் பெறுகின்றது. காரணமும் நீதியும் ஒரே சொல்லுள் அடங்கியமை தற்செயலாக நேர்ந்ததன்று. ஒருவன் மீது ஒன்றைச் சுமத்துவோன் அதற்குரிய காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே பொதிந்து கிடக்கின்றது.

அங்ஙனமாயின், நியாயமற்றது என்று நாம் ஒன்றனைப் பழிக்கும்போது கருதுவது யாது? அதற்குக் காரணமே இல்லை என்பதா? அது தாங்கொணாப் பாரம் என்பதா? அன்றிச் சட்டத்திற்கு மாறானது என்பதா? இம்மூன்றும் விடையாகா என்பதே இக்கட்டுரையின் துணிபு. காரணங்கள் பல உடையதாயும், பாரத்தாற் சிறியதாயும், சட்டத்தால் நிறைவுடையதாயும் உள்ள ஒன்று, நியாயமற்றதாகவும் இருத்தல் கூடும். இதனை வெறும் வரையறையால் நிறுவுதலினும் வரலாற்றால் விளக்குதலே தகும். அதற்குத் தொலைவிடம் நாட வேண்டியதில்லை. 1848ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மாத்தளையில் நிகழ்ந்தவையே போதிய சான்றாகும்.

நாடும் காலமும்

கண்டி நகருக்கு வடக்கே, மலைநாடு படிப்படியாகத் தாழ்ந்து வறண்ட சமவெளியோடு கலக்கும் இடத்தில் அமைந்தது மாத்தளை. நகருக்கு அண்மையில், புத்த சமயத் திருமுறைகள் முதன்முதல் ஏட்டில் எழுதப்பெற்ற இடமெனப் போற்றப்படும் அளுவிகாரை உள்ளது. வடக்கே நாலந்தாவைக் கடந்து செல்வோர் தம்புள்ளைக் குகை விகாரையை அடைவர். இந்நிலப்பகுதி கண்டியரசின் திசாவனிகளுள் ஒன்றாக இருந்தது. 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையினால் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வுடன்படிக்கையின் 5ஆம் பிரிவு புத்த சமயத்தையும் அதன் குருமாரையும் விகாரைகளையும் பேணிக் காப்பதாக உறுதி கூறிற்று. மூன்றாண்டுகள் செல்லுமுன் ஊவாவில் மூண்ட பெருங்கலகம் கடுமையாக அடக்கப்பட்டது. அதன்பின் முப்பதாண்டுக் காலம் வெளியே அமைதி நிலவிற்று.

அவ்வமைதியினுள்ளே நாடு மாறிக்கொண்டிருந்தது. 1832இல், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி, குடிகள் அரசனுக்குக் கட்டாயமாகச் செய்துவந்த இராசகாரியம் என்னும் ஊழியம் ஒழிக்கப்பட்டது. 1830ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து மலைச் சரிவுகளிற் கோப்பித் தோட்டங்கள் விரைந்து பெருகின. தோட்டத்திற்கு நிலம் வேண்டும். நிலத்தை விற்பதற்கு அது அரசுக்கு உரியதாதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அத்தேவையை நிறைவு செய்தது. காடு, தரிசு, குடியிராத நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகியவை யாவும், மாறாக நிறுவப்பட்டாலன்றி, முடிக்குரியனவெனக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம்.

கண்டி நாட்டுக் குடியானவனுடைய வாழ்வு வயலையும் சேனையையும் சார்ந்தது. சேனை நிலம் ஓராண்டு பயிரிடப்பட்டபின் பல்லாண்டுகள் காடாக விடப்படும். விடப்படுதலே அதன் பயிர்முறை. அந்நிலத்திற்குச் சன்னசு முதலிய பத்திரம் உண்டா என்று சட்டம் வினாவியது. பாட்டனும் தந்தையும் உழுத நிலமென்பதை ஊர் முழுவதும் அறியும்; பத்திரம் பெரும்பாலார் அறியாதது. ஊரறிந்த உண்மையைத் தள்ளி, ஊரில் இல்லாத ஏட்டைக் கேட்ட சட்டம் அது. பின்னர் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் இதுவே அடித்தளம் என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இதே காலத்திலேதான் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மன்னார்ப் பகுதியில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை எனக் கால்நடையாகத் தோட்டங்களுக்கு வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். நிலத்தை இழந்துகொண்டிருந்த சிங்களக் குடியானவனும், அந்நிலத்திற் கூலிக்கு உழைக்க வந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே வீதியின் இரு மருங்கிலும் நின்றனர். அவ்விருவர் வரலாறும் ஒரு நூற்றாண்டு கழிந்தபின் ஒரே வினாவில் வந்து சந்தித்தமையை இறுதியிற் காண்பாம்.

புதிய வரிகள்

1847ஆம் ஆண்டு மே மாதத்திலே தொறிங்டன் பிரபு இலங்கையின் தேசாதிபதியாக வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது நிரம்பாதவர்; குடியேற்ற நாட்டு ஆட்சியில் முன்னனுபவம் அற்றவர்; அந்நாட் பிரதம மந்திரி யோன் றசல் பிரபுவின் உறவினர். அவர் வந்த காலம் நெருக்கடியான காலம். இங்கிலாந்திற் பணமுடை ஏற்பட்டிருந்தது. கோப்பியின் விலை சரிந்து தோட்டங்கள் பல முடங்கின. திறைசேரி வறண்டது. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இலங்கையிற் கடமையாற்றிய சேர் எமர்சன் தெனன்ற் நிதிநிலை பற்றி விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். மறைமுக வரிகளைக் குறைத்து நேர்முக வரிகளை விதித்தலே அறிவுடைமையாகும் என்பது அதிற் காணப்பட்ட கொள்கை.

அக்கொள்கையைத் தழுவி 1848இல் வரிகள் பல விதிக்கப்பட்டன. துப்பாக்கி வைத்திருப்போன் ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பென்சு கொடுத்து அனுமதிப் பத்திரம் பெறல் வேண்டும். நாய் ஒன்றிற்கு 1 சிலிங். கடைகளுக்கும் வண்டிகளுக்கும் படகுகளுக்கும் தனித்தனி வரி. இவற்றிற்கு மேலாக 8ஆம் இலக்க வீதிக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும். செய்யாதார் 3 சிலிங் செலுத்துதல் வேண்டும்.

இவ்வரிகளைப் பிறப்பித்தோர் காரணமின்றிப் பிறப்பித்தனர் எனல் வரலாற்றுக்கு ஒவ்வாது. வீதியாற் பயன் பெறுவோர் யாவரும் அதனைப் பேணுதற்கு உதவுதல் முறையன்றோ என்றனர். துப்பாக்கி யாரிடம் உண்டென அறிதல் பொது அமைதிக்கு வேண்டுவதன்றோ என்றனர். கட்டாக்காலி நாய்கள் பெருகாமற் காத்தல் நன்றன்றோ என்றனர். சிறு தொகையைப் பலரிடம் பெறுதல், பெருந் தொகையைச் சிலரிடம் பெறுதலினும் எளிதன்றோ என்றனர். பொருளாதார நூலில் இவை ஒவ்வொன்றுக்கும் இடமுண்டு. ஆகவே காரணமின்மையே நியாயமின்மை என்போமாயின், 1848ஆம் ஆண்டு வரிகள் நியாயமானவை என ஒப்புக்கொண்டு இங்ஙனமே கட்டுரையை முடித்தல் வேண்டும்.

காரணம் யாருக்குச் சொல்லப்பட்டது?

ஆயின் அக்காரணங்களை அவற்றைச் சொன்னோர் இடத்தில் நின்றன்றிக் கேட்போர் இடத்தில் நின்று ஆராய்தல் வேண்டும். தம்புள்ளைப் பக்கத்துக் காட்டோரச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த குடியானவனை எண்ணிப் பார்ப்போம். அவனுடைய சேனையில் இரவிற் காட்டுப்பன்றி புகும், யானையும் வரும். அவனுக்குக் காவல் நாயும் பழந் துப்பாக்கியுமே. கொழும்பிற் செல்வர் வளர்க்கும் நாய் வேறு. சேனைப் பரணடியிற் கிடக்கும் நாய் வேறு. முன்னது இன்பப் பொருள். பின்னது உழுபடைக் கருவி. இரண்டிற்கும் வரி 1 சிலிங். ஏர் வைத்திருப்பதற்கு வரி விதித்தால் உழவன் எங்ஙனம் உணர்வானோ அங்ஙனமே அவன் உணர்ந்தான்.

தொகை சிறிதென்று கூறுவர். சட்டமே தந்த அளவுகோலால் அதனை அளப்போம். ஆறு நாள் உழைப்புக்கு 3 சிலிங் ஈடு என்றமையால், ஒரு நாள் உழைப்பைச் சட்டம் 6 பென்சாக மதித்தது. எனவே நாய் வரி இரண்டு நாள் உழைப்பு. துப்பாக்கி வரி ஐந்து நாள் உழைப்பு. வீதி வரி ஆறு நாள் உழைப்பு. நாய் ஒன்றும் துப்பாக்கி ஒன்றும் உடைய ஏழைக் குடியானவன் ஆண்டில் பதின்மூன்று நாளை அரசுக்கு ஈந்தான். நெல் வரி இதற்குப் புறம்பானது. அன்றியும், காசு அரிதாகப் புழங்கிய ஊரிலே காசாகக் கொடு என்பது கூலி வேலைக்குப் போ என்பதற்கு ஒப்பாகும். தோட்டத் துரைமாருக்கும் வீதி வரி அதே 3 சிலிங். புதிய வீதிகளாற் கோப்பி மூடைகள் துறைமுகத்திற்கு எளிதிற் சென்றன. காட்டூரானின் குரக்கன் அவன் ஊரை விட்டு வெளியே செல்வதன்று. பயன் ஏற்றத்தாழ்வாகவும், பாரம் சமமாகவும் இருந்தன. சமம் என்ற சொல்லின் நிழலிலே சமமின்மை குடிகொண்டது.

வீதிச் சட்டம் இன்னும் ஓரிடத்தில் மக்கள் உள்ளத்தைப் புண்படுத்தியது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒழிந்ததென அறிவிக்கப்பட்ட இராசகாரியமே வேறு பெயருடன் மீண்டதாக அவர்கள் கருதினர். பழைய ஊழியத்திற்காவது நிலமானியம் என்னும் கைம்மாறு இருந்தது; இதற்கு அதுவும் இல்லை. உடைமை துறந்து வாழும் புத்த பிக்குகளையும் அச்சட்டம் விலக்கவில்லை. வீதியிற் கல் சுமத்தல் அவர் துறவுக்கு இழுக்கு. காசு கொடுத்தலோ காசைத் தீண்டாதார்க்கு அதனினும் இழுக்கு. 1815இற் கொடுத்த உறுதிமொழியை நினைவிற் கொண்டிருந்த மக்களுக்கு இது வெறும் நிதிப் பிழையாகத் தோன்றவில்லை.

இக்குறைகளை எடுத்துரைக்க இடமுண்டா எனின், அதுவும் இல்லை. 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவர் இருந்தனர். ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். கண்டிச் சிங்களவர்க்கெனத் தனியிடம் 1889 வரையில் அளிக்கப்படவில்லை. வரியை விதித்த சபையில் வரியைத் தாங்குவோனின் குரல் ஒலிக்க வழியில்லை.

புறநானூற்றிலே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன அறிவுரை ஈண்டு நினைக்கத்தக்கது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலுட் புகுந்தால் அது உண்பதினும் அதன் காற்பட்டு அழிவதே மிகுதி என்பது அவர் கருத்து. வரியின் நியாயம் தொகையில் மட்டும் இல்லை. கொள்ளும் முறையிலே தங்கியுள்ளது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். யானைக்கும் பசி என்னும் காரணம் உண்டு. அக்காரணம் வயலை நோக்கியதன்று என்பதே குற்றம்.

யூலை மாத நிகழ்ச்சிகள்

1848 யூலை 6ஆம் நாள் பல்லாயிரவர் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டு தம் முறைப்பாட்டைக் கூறினர். அரசாங்க அதிபர் புல்லர் அவர்களை அமைதிப்படுத்த முயன்றார். அதே மாதத்திற் கொழும்பிலே, ‘ஒப்சேவர்’ பத்திராதிபரான வைத்தியர் எலியற்று, வரிகளையும் பிரதிநிதித்துவத்தையும் பற்றி வெளியிட்ட கருத்துக்கள் பரபரப்பை உண்டாக்கின. அவ்வாண்டு பெப்ருவரியிற் பிரான்சில் முடியாட்சி வீழ்ந்த செய்தியும் கடல் கடந்து வந்திருந்தது. இன்னும் பல வரிகள் வரப்போகின்றன என்ற வதந்தி ஊர்தோறும் பரவிற்று.

யூலை மாத இறுதியில், தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மொறட்டுவையிற் பிறந்த புரன் அப்பு அவனுக்குத் துணைவனானான். யூலை 28ஆம் நாள் கலகக்காரர் மாத்தளைக்குட் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கி, வரிப் பதிவேடுகளை அழித்தனர். மறுநாள் கண்டியிலிருந்து வந்த படையினர் வாரியப்பொலைத் தோட்டத்தின் அருகே அவர்களை எதிர்த்துச் சிதறடித்தனர். படைவீரருள் உயிரிழந்தார் எவரும் இலர். கலகம் அத்துடன் முறிந்தது எனலாம்.

கலகக்காரர் செயல் நியாயமானதா என்ற வினாவையும் நாம் தவிர்த்தல் ஆகாது. வதந்தியை நம்பினர், பொதுச் சொத்தை அழித்தனர், வெடிமருந்தும் பயிற்சியும் உள்ள சேனையை அவையில்லாத கூட்டத்தால் எதிர்த்தனர், முப்பத்து மூன்றாண்டுகளுக்கு முன் ஒழிந்த முடியை மீண்டும் சூட்ட முனைந்தனர். கண்டிப் பிரதானிகளுட் பெரும்பாலார் ஒதுங்கியே நின்றனர். இவற்றை நோக்கி, மக்கள் அறியாமையாற் கிளர்ந்தனர் என அக்கால அதிகாரிகள் கூறினர். ஆயின் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். முறையிடச் சென்றனர், முறைப்பாடு பயன்படவில்லை. சபையில் இடம் இல்லை. அவர்கள் அறிந்த ஆட்சி முறைகளில் முறைப்பாட்டைக் கேட்கும் இடம் அரசன் சந்நிதி ஒன்றே. கேட்போன் இல்லாதபோது கேட்போன் ஒருவனை உண்டாக்க முயன்றனர். வழி தவறியது என்போம். பொருளற்றது என்னல் ஒல்லாது. ஒருவனுக்கு நியாயம் சொல்லும் வாயிலை அடைத்துவிட்டு, அவன் நியாயத்தோடு நடக்கவில்லை என்பது தன் முகத்தின் மாசைக் கண்ணாடிக்கு ஏற்றுதல் போலாகும்.

அடக்குமுறை

வரிகளின் நியாயமின்மை ஒருவகை. அடுத்து வந்த அடக்குமுறையின் நியாயமின்மை மற்றொருவகை. யூலை 29ஆம் நாள் கண்டியில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. யூலை 31ஆம் நாள் குருநாகலிலும் பிறப்பிக்கப்பட்டது. கலகம் மூண்டுழி அதனை அடக்குதல் அரசின் கடமையே. அதனை யாரும் மறார். ஆயின் சில நாள்களில் முறிந்த கலகத்திற்கு விதித்த இராணுவச் சட்டம் ஒக்டோபர் 10ஆம் நாள் வரை நீடித்தது. இராணுவ மன்றுகள் விரைந்து விசாரித்து விரைந்து தண்டித்தன. ஓகத்து 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். ஓகத்து 26ஆம் நாள் குடாபொல தேரர் என்னும் பிக்கு துறவாடையுடனேயே சுடப்பட்டார். வீடும் உடைமையும் பறிமுதல் செய்யப்பெற்றோர் பலர்.

இக்காலத்தில் நாட்டின் நீதிமன்றங்கள் மூடியிருந்தனவா எனின், இல்லை. கண்டியிலேயே உயர் நீதிமன்றம் கூடி, பிரதம நீதியரசர் ஒலிபந்து முன்னிலையில் இராசத் துரோக வழக்குகளை விசாரித்தது. தண்டிக்கப்பட்டோர்க்கு இரக்கங் காட்டுமாறு நீதியரசரே விதந்துரைத்தார். ஒரே நகரில், ஒரே குற்றத்திற்கு, ஒருவன் யூரிமார் முன் நிற்கிறான். மற்றவன் படைத்தலைவர் முன் நிற்கிறான். எவன் எங்கு நிற்பது என்பதற்கு நெறி ஒன்றும் இல்லை. தேவை என்னும் காரணத்தால் வந்த அதிகாரம், தேவை ஒழிந்தபின்னும் ஒழியாது நிற்குமாயின், அது தன் காரணத்தைத் தானே இழந்துவிடுகின்றது. செப்டெம்பரிற் பிடிபட்ட கொங்காலேகொட பண்டா உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பெற்றான். அது கசையடியும் நாடு கடத்தலுமாக மாற்றப்பட்டது. மலாக்காவுக்கு அனுப்பப்பட்ட அவன் 1849இல் அங்கே இறந்தான். முடிசூடியவன் உயிர் பிழைத்தான். அவனுக்கு உடந்தையென்று குற்றஞ் சாட்டப்பெற்ற துறவி பிழைக்கவில்லை. இரண்டிற்கும் இடையே இருந்த வேறுபாடு குற்றத்தின் அளவன்று. விசாரித்த மன்றின் வேறுபாடே.

இச்செய்திகள் இலண்டன் மாநகரை எட்டின. 1849இற் பொதுமக்கள் சபை தெரிவுக்குழு ஒன்றை நியமித்தது. குழு சாட்சியங்களை விரிவாகக் கேட்டது. 1850இல் தொறிங்டன் பதவி நீங்கினார். 1851இற் சபையிற் கொண்டுவரப்பட்ட கண்டனத் தீர்மானம் தோல்வியுற்றது. வரிகளுட் பெரும்பாலானவை விரைவிற் கைவிடப்பட்டன. வீதிச் சட்டம் நிலைத்தது. பிக்குகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. நியாயமற்றவை என அவ்வரிகளை எந்த மன்றும் தீர்க்கவில்லை. ஆயினும் அவற்றைக் கைவிட்ட செயலே தீர்ப்பாயிற்று.

சட்டத்தார் கண்ட அளவுகோல்

நியாயமின்மை எது என்ற வினா பிற்காலத்தில் ஆங்கில நீதிமன்றங்களிலே பலகால் எழுந்தது. 1898இல் கென்ற் மாகாணத்துத் துணைவிதி ஒன்றைப் பற்றிய வழக்கில், கில்லோவன் றசல் பிரபு ஓர் அளவுகோலை வகுத்தார். பல்வேறு வகுப்பினரிடையே பாரபட்சமாகவும் சமமின்றியும் செயற்படுதல், வெளிப்படையான அநீதி, கெட்ட எண்ணம், நியாயமுடையார் எவரும் ஏற்கவியலாத வகையில் மக்கள் உரிமையில் தலையிடுதல் ஆகிய இவை உளவாயின் அவ்விதி நியாயமற்றது என்பது அவர் கூறியதன் கருத்து. 1947இல் வென்சுபெரி என்னும் ஊரின் படமாளிகை பற்றிய வழக்கில், கிறீன் பிரபு அதனை வேறு வகையாக உரைத்தார். அறிவுள்ள அதிகாரி எவரும் அடைந்திருக்கவியலாத முடிபே நீதிமன்றத்தாற் புறக்கணிக்கத்தக்க நியாயமின்மை என்றார். தலைமயிர் செந்நிறமுடையது என்பதற்காக ஆசிரியையை விலக்குதல் போன்றது என முன்னைய நீதியரசர் ஒருவர் காட்டிய உதாரணத்தையும் எடுத்துக்கொண்டார்.

இவ்விரு வழக்குகளிலும் நியாயமின்மை வரையறுக்கப்பட்டதேயன்றி, எதிர்க்கப்பட்ட விதி தள்ளப்படவில்லை என்பது கருதத்தக்கது. நீதிமன்றங்கள் அவ்வாயிலை ஒடுக்கமாகவே வைத்தன. ஆட்சி செய்வோரின் ஆசனத்தில் நீதிபதிகள் அமர்தல் தகாது என்பதே அதற்குக் காரணம். அது தக்கதே. ஆயின் அதனால் விளைவது ஒன்றுண்டு. நீதிமன்றத்திற் செல்லுபடியானது யாவும் நியாயமானது எனக் கொள்ளற்க. நீதிமன்றம் தள்ளாதது வேறு. மனச்சான்று ஏற்பது வேறு. முன்னது ஆட்சியின் எல்லையை மட்டும் காட்டும். பின்னதற்கு விடையிறுக்கவேண்டியவர் குடிமக்களும் அவரை ஆள்வோருமே.

நூறாண்டுகளின் பின்

மாத்தளைக் கலகம் நிகழ்ந்து சரியாக நூறாண்டு நிறைந்த 1948ஆம் ஆண்டிலே சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்தோன் ஒருவன் வமிசாவழிப் பிரசையாதற்கு, அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். எந்த இனத்தின் பெயரும் அச்சட்டத்திற் காணப்படவில்லை. யாவர்க்கும் ஒரே விதி.

ஆயின் அவ்விதி மாத்தளைத் தோட்ட லயத்தில் வாழ்ந்த தொழிலாளியிடம் கேட்டது யாது? பிறப்புப் பதிவு எங்கும் சீராக நடைபெறாத காலத்தில், தோட்டத்திற்குத் தோட்டம் மாறிய குடும்பத்தில் பிறந்த தந்தையின் பிறப்புக்குச் சான்று. 1840இல் கண்டிக் குடியானவனிடம் பாட்டன் நிலத்திற்குப் பத்திரம் கேட்ட அதே வினா, 1948இல் தோட்டத் தொழிலாளியிடம் தந்தையின் பிறப்புக்குப் பத்திரம் கேட்டது. முன்னவன் நிலத்தை இழந்தான். பின்னவன் நாட்டை இழந்தான். ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் பிரசாவுரிமையற்றோராயினர். அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையும் அகன்றது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கித்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோருட் பெரும்பாலார் மறுக்கப்பட்டனர்.

இச்சட்டங்களை எதிர்த்துக் கோடாக்கன் பிள்ளை தொடுத்த வழக்கு 1953இற் கோமறைக் கழகம் வரை சென்றது. தன் பிரசைகள் யார் என வரையறுத்தல் எந்த நாட்டுப் பாராளுமன்றத்திற்கும் இயல்பான கடமை என்ற அடிப்படையில் வழக்குத் தள்ளப்பட்டது. அவ்வாதத்திற்கு வலுவில்லை என யாம் கூறவில்லை. புதிதாகச் சுதந்திரமடைந்த நாடு தன் எல்லையை வகுத்தல் வேண்டுவதே. நிலமிழந்த கண்டிக் குடியானவரின் நெடுநாள் மனக்குறையும் அதன் பின்னணியில் இருந்தது. ஆயின் அவனுடைய நிலத்தைப் பறித்த கட்டளைச் சட்டத்தை எழுதியவன் தோட்டத் தொழிலாளியல்லன். ஒருவன் செய்த அநியாயத்திற்கு மற்றொருவனிடம் ஈடு கேட்டல் நியாயமின்மையின் மிகப் பழைய வடிவமாகும்.

அதன் விளைவை அகற்ற அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதியைப் பின்னர்த் தீர்மானிப்பதாக விட்டது. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேறின. இப்பெருங் கணக்கிலே, எந்த நாட்டிற்குச் செல்ல விரும்புகிறாய் என்று கேட்கப்படுமுன்பே எண்ணாக்கப்பட்டோர் பலராவர்.

முடிபு

இவ்வரலாற்றினின்று நாம் பெறுவது யாது? நியாயமற்ற செயலுக்குக் காரணம் இல்லாமற் போவதில்லை. 1840க்கும் 1848க்கும் 1948க்கும் காரணங்கள் எழுதப்பட்டிருந்தன. அவை படித்தோரால் எழுதப்பட்டவை. பாரத்தின் அளவும் தனித்து நின்று அதனை முடிவு செய்வதில்லை. பிக்குவிடம் கேட்டது 3 சிலிங்; தொழிலாளியிடம் கேட்டது ஒரு தாள். ஒரு கட்டளைக்குச் சொல்லப்படும் காரணம், அக்கட்டளையைத் தாங்குவோனின் வாழ்வைக் கண்டு சொல்லப்பட்டதா என்பதே உரைகல். வாழ்வு வேறுபட்டிருக்க அளவை ஒன்றாக்குதல், ஒருவனிடம் இல்லை என்று தெரிந்ததையே அவனிடம் கேட்டல், கேட்டபின் அவன் மறுமொழி கூறுதற்கு இடம் வையாமை ஆகிய மூன்றும் ஒருங்கு கூடுமிடத்து, காரணம் எத்துணைச் சிறந்ததாயினும் நியாயம் அங்கு இல்லை.

வள்ளுவர் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தனர். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துவது போலும். நல்லெண்ணத்தோடு ஆள்வோனும் தன் காரணத்தைத் தனக்கே சொல்லிக்கொண்டு அமைவானாயின், அவ்விடைவெளியை அறியாமலே கடந்துவிடக் கூடும். இற்றைநாள் மாணவருட் சிலர் நாளை சட்டம் எழுதுவோராகவும், வரி விதிப்போராகவும், பள்ளிக்கூடங்களில் விதி வகுப்போராகவும், விண்ணப்பத் தாளைப் பார்த்து ‘சான்று எங்கே?’ என்று கேட்போராகவும் அமர்வர். மேசைக்கு அப்பால் நிற்போனிடத்து அச்சான்று இருக்கக்கூடியதா என்பதை அக்கேள்விக்கு முன்னர் எண்ணிப் பார்ப்பாராயின், மாத்தளையின் நூற்று எண்பது ஆண்டு அனுபவம் வீண்போகவில்லை எனலாம்.